பள்ளி மாணவர்களே நடத்தும் ஹேக்கத்தான்: 60 பேர், 24 மணி நேரம். எங்கே தவறு செய்கிறோம்?

பவானிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படிக்கிறேன். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை இருக்கிறவர்களுக்கு ஒரு ஹேக்கத்தான் (டீம் டீமாக ஓரிடத்தில் கூடி, குறித்த நேரத்துக்குள் புரோகிராம் எழுதி ஏதாவது செய்து காட்டும் நிகழ்ச்சி) நடத்தலாம் என்று கிளம்பியிருக்கிறோம். எங்கள் பள்ளி மட்டும் இல்லை, சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டுப் பள்ளிகளிலிருந்து 60 பேர் வரை. ஹெச்.எம். சார், "ஹாலும் லேபும் தருகிறேன், முழுத் திட்டத்தையும் எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

இதுவரை யோசித்தது: சனி காலை 9 முதல் ஞாயிறு காலை 9 வரை. தலைப்பு ஸ்மார்ட் சிட்டி. முதல் பரிசு 25,000 ரூபாய், அதற்கு ஸ்பான்சர் தேடுகிறோம். மூன்று நடுவர்கள், ஒவ்வொரு டீமும் மேடையில் பவர்பாயின்ட் காட்ட வேண்டும்.

எங்களில் யாரும் ஒரு ஹேக்கத்தானுக்கு நேரில் போனதே இல்லை. யூடியூபில் பார்த்ததுதான். நடத்திய அனுபவம் உள்ள அண்ணா, அக்கா, சார் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அம்பத்தூர் ராத்திரி

தம்பி, ஹால் கிடைத்ததே பெரிய விஷயம். அந்த ஹெச்.எம். சாருக்கு என் சார்பிலும் ஒரு நன்றி சொல்லிவிடு.

பரிசுப் பணத்தை எடுத்துவிடு. முதலில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கும்போது நாங்கள் நடத்தியதில் முதல் பரிசு 50,000. ஸ்பான்சர் பிடித்த அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்த டீம், ஏற்கெனவே வேறு இரண்டு இடத்தில் காட்டிய ப்ராஜெக்டையே பெயர் மாற்றிக் கொண்டுவந்திருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைக்கூட விடலாம். முதல் முறையாக வந்த ஜூனியர்கள் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, 'நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது' என்று மதியத்துக்குள் பையைத் தூக்கிவிட்டார்கள். அதில் ஒரு பெண் ஐடி கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "சாரி அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் எதற்கு சாரி சொல்ல வேண்டும்? எட்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது.

தலைப்பும் வேண்டாம். ஸ்மார்ட் சிட்டி என்று வைத்தால் பாதி டீம் குப்பைத்தொட்டி சென்சார் படம் போட்டுக்கொண்டு வரும். அவர்கள் வீட்டில், தெருவில் என்ன தொல்லை இருக்கிறதோ அதைச் செய்யட்டும். பவர்பாயின்ட் கூடவே கூடாது. ஓடுகிற ஒன்றைக் காட்ட வேண்டும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

எடிசன்வாசி

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே பள்ளி ஹேக்கத்தான்களுக்கு நாலைந்து வருடமாக மென்டாராக, அதாவது பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறவனாகப் போய் வருகிறேன். தம்பியின் பதிவைப் படித்ததும் இரவு சமையலைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இது மேலிருந்து வந்த வழக்கம் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 2009-இல் பென்ஆப்ஸ் என்று ஆரம்பித்தார்கள். கல்லூரி மாணவர்களே நடத்திய ஹேக்கத்தான்களில் அதுதான் முன்னோடி. அதைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் 'நாமும் செய்யலாமே' என்று இறங்கினார்கள். 2014-இல் ஸாக் லாட்டா ஹேக் கிளப்பைத் தொடங்கினார், அப்போது அவருக்கே பதின்ம வயது. பள்ளிகளில் மாணவர்களே நடத்தும் கோடிங் கிளப்புகளுக்கு அது ஒரு கூரை மாதிரி. 2021-இல் அந்தப் பிள்ளைகள் வெர்மான்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ரயிலில் போய்க்கொண்டே ஒரு ஹேக்கத்தான் நடத்தினார்கள். 2022 முடிந்து புத்தாண்டு பிறந்தபோது டெல்லி பக்கத்திலும் எபோக் என்ற பெயரில் ஒன்று நடந்தது. ஆகவே தம்பி, இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளால் முடியுமா என்று யாராவது கேட்டால் அதைச் சொல்.

நான் இங்கே பார்த்து வியந்தது கணக்கு வழக்கு. பதினேழு வயதுப் பிள்ளைகள் பெயரில் வங்கியில் அமைப்புக் கணக்கு திறக்க முடியாது. அதனால் ஹேக் கிளப்பில் ஹெச்.சி.பி. என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். லாப நோக்கமில்லாத தாய் அமைப்பின் பெயரில் பணம் வரும், வரவில் 7 சதவீதம் அவர்களுக்கு, மீதியைச் செலவு செய்வது பிள்ளைகள். விரும்பினால் வரவு செலவு முழுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைக்கலாம். பீட்சாவுக்கு எவ்வளவு, டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு, எல்லாம் தெரியும். நீங்கள் ஒரு சார்ட் பேப்பரில் எழுதி ஹால் வாசலில் ஒட்டினாலே போதும். பெற்றோருக்கு உங்கள் மேல் வருகிற நம்பிக்கை வேறு மாதிரி இருக்கும்.

பெரியவர்கள் கையில் இருக்க வேண்டியது பாதுகாப்பு, பணப் பொறுப்பு, அனுமதிக் கடிதம். மற்றதெல்லாம் உங்களுடையது. ஒரு வாத்தியார் வந்து மைக்கைப் பிடித்துவிட்டால் அது பள்ளி ஆண்டு விழா ஆகிவிடும்.

ரெண்டு பிள்ளை அம்மா

என் மகள் பத்தாவது. கோடிங் என்றால் உயிர். ஆனால் ராத்திரி வேறு பள்ளியில் தங்கல் என்றால் நான் அனுப்ப மாட்டேன், எங்கள் தெருவில் யாருமே அனுப்ப மாட்டார்கள். நீங்கள் 60 பேர் என்று திட்டம் போட்டால் அதில் பெண் பிள்ளைகள் ஐந்து பேர் வருவார்களா என்று பாருங்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை தம்பி.

அம்பத்தூர் ராத்திரி

அக்கா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனாலும் ராத்திரி என்பது ஹேக்கத்தானில் ஒரு தனி அனுபவம். அதிகாலை மூன்று மணிக்கு எல்லோரும் சோர்ந்திருக்கும்போது ஒருவனுடைய கோட் ஓடிவிட்டால் மொத்த ஹாலும் கைதட்டும். அதை இழப்பது வருத்தம்.

தாமிரபரணி வாத்தியார்

அந்தக் கைதட்டலைக் கேட்க அந்த அம்மாவின் மகளும் ஹாலில் இருக்க வேண்டும் அல்லவா? பகலில் வையுங்கள். காலை 8:30 முதல் மாலை 6.

ஹேக்கத்தான் என்ற சொல் 1999-இல் புழக்கத்துக்கு வந்தபோது, கனடாவின் கால்கரி நகரில் ஓபன்-பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் பத்துப் பேர் ஒரு இடத்தில் கூடி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். தகவலை ரகசியமாக்கும் குறியாக்க மென்பொருளுக்கான அமெரிக்க ஏற்றுமதிச் சட்டங்களில் சிக்காமல் இருக்க அங்கே கூடினார்கள். பரிசும் இல்லை, மேடையும் இல்லை. கூடி உட்கார்ந்ததுதான் ஹேக்கத்தான். விழித்திருப்பது அப்புறம் சேர்ந்துகொண்டது.

நான் அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியர். என் பிள்ளைகள் தமிழ்வழி. அவர்கள் சார்பில் இரண்டு விஷயம் கேட்கிறேன். விதிமுறை, படிவம், மென்டார் பேச்சு எல்லாம் தமிழிலும் இருக்கட்டும். 'சொந்த லேப்டாப் கொண்டு வர வேண்டும்' என்ற ஒரு வரியைப் போடாதீர்கள். அந்த வரியைப் படித்தவுடன் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். இரண்டு பேருக்கு ஒரு மெஷின் போதும். ஒருவர் டைப் செய்ய, ஒருவர் பார்த்துச் சொல்ல, அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறினால் இருவரும் கற்றுக்கொள்வார்கள்.

போன வருடம் என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல் விளையாட்டு செய்தான். எழுத்து எண்ணிக்கையைச் சொல்லி வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். பைத்தான் மொழியில் நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் ஃபங்ஷனில் 'தமிழ்' என்று கொடுத்தான். 5 என்று வந்தது. விரல் விட்டு எண்ணினான், மூன்று. மறுபடி ஓட்டினான், ஐந்து. "சார், கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியவில்லை" என்று வந்து நின்றான். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் (கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் முறை) ஐந்தாக வைத்திருப்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 'அப்படியானால் குறியும் புள்ளியும் வந்தால் முந்தின எழுத்தோடு சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்' என்று அவனே சொன்னான். ஓபன்-தமிழ் என்ற ஆயத்த பைத்தான் தொகுப்பில் இதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது, அதை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் போராடி அவனே எழுதினான். திரையில் 3 வந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பரிசாலும் அது வராது.

வயரிங் ஆள்

யாரும் கரன்ட்டைப் பற்றிப் பேசவில்லையே.

ஹாலில் எத்தனை பிளக் பாயின்ட் என்று இன்றே போய் எண்ணுங்கள். சாதாரண பாயின்ட் 6 ஆம்பியர். லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்றால் பத்து சார்ஜருக்கு 650 வாட், 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குக் கீழேதான். தாங்கும். ஆனால் அதே லைனில் யாராவது டீக்கு 1500 வாட் எலக்ட்ரிக் கெட்டிலைச் செருகினால் அது மட்டுமே ஆறரை ஆம்பியர். அத்தோடு ட்ரிப். டீயைப் பாத்திரத்தில் வெளியிலிருந்து கொண்டு வாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகாதீர்கள். வயரை நடைபாதையில் விட்டால் டேப் போட்டு ஒட்டுங்கள்.

வைஃபை: வீட்டு ரவுட்டர் ஒன்றை வைத்து 60 பேரை இழுக்க முடியாது. மூன்று ஆக்ஸஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வாங்கி ஹாலின் மூன்று பக்கம் வையுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 என்று பிரித்துவிடுங்கள். அந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது.

அதைவிட நல்லது, நெட்டே இல்லாமல் வேலை நடக்கும்படி பார்ப்பது. பத்து பென்டிரைவில், பைத்தான் எழுத உதவும் தானி எடிட்டரின் போர்ட்டபிள் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்) பதிப்பைப் போடுங்கள். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்பநிலை மாணவர்களுக்காகவே செய்தது. பைத்தானும் உள்ளேயே இருக்கிறது, லேப் மெஷினில் அட்மின் பாஸ்வேர்ட் கேட்காது. தேவைப்படும் பைத்தான் பேக்கேஜ்களை (ஆயத்தத் தொகுப்புகளை) முன்பே 'பிப் டவுன்லோட்' என்ற கட்டளையால் இறக்கி அதிலேயே வையுங்கள்.

பவானிக்கரை

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. நேற்று ஆறு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தோம். பரிசை விடுவதில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. இரண்டு பேர் 'பரிசு இல்லை என்றால் எவன் வருவான்' என்கிறார்கள். ராத்திரித் தங்கலைக் கைவிட எல்லோருக்கும் சம்மதம்.

இன்னொரு சந்தேகம். சாட்ஜிபிடியில் கேட்டு மொத்த புரோகிராமையும் ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? தடை போடலாமா?

அம்பத்தூர் ராத்திரி

தடை போட்டால் 60 திரைக்குப் பின்னால் நின்று காவல் காக்க வேண்டும். அதற்காகவா நடத்துகிறீர்கள்? ஒரே ஒரு விதி போதும்: பார்க்க வருகிறவர் புரோகிராமில் எந்த இடத்தைத் தொட்டாலும், அந்த டீமில் யாராவது ஒருவர் அது என்ன செய்கிறது என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். முன்பே அறிவித்துவிடு. ஒட்டிக்கொண்டு வந்தவனும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள உட்காருவான்.

எடிசன்வாசி

பரிசு பற்றி: பணத்துக்குப் பதில், ஓடுகிற ஒன்றைக் காட்டிய எல்லோருக்கும் ஒரே ஸ்டிக்கர், ஒரே சான்றிதழ். இங்கே பிள்ளைகள் அந்த ஸ்டிக்கரை லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் சுற்றுகிறார்கள்.

மேடையும் வேண்டாம். 20 டீம் மேடையேறினால் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலே நூறு நிமிடம், காத்திருக்கிற பிள்ளைகளுக்குப் பயத்தில் வயிறு கலங்கும். மேசையிலேயே காட்டட்டும். பாதி டீம் தங்கள் மேசையில் நிற்க, மீதி சுற்றிப் பார்க்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளட்டும். மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எம்.ஐ.டி. மாணவர்கள் தங்கள் ஹேக்எம்ஐடிக்காக எழுதிய முறையில், நடுவரிடம் 'இந்த மேசையா, இதற்கு முன் பார்த்த மேசையா, எது மேல்' என்று மட்டும் கேட்பார்கள். பத்துக்கு எட்டா, ஏழரையா என்ற குழப்பம் இருக்காது. முதல் தடவைக்கு அதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

தாமிரபரணி வாத்தியார்

படிவத்தில் என்னென்ன கேட்கிறீர்கள் என்பதிலும் கவனம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குள் இருந்தால் குழந்தைதான், பெற்றோர் சம்மதம் தேவை. ஆதார் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் உங்களுக்கு எதற்கு? பெயர், வகுப்பு, பள்ளி, பெற்றோர் போன் நம்பர், என்ன சாப்பிடக் கூடாது. அவ்வளவு போதும். பெற்றோர் கையெழுத்தைக் காகிதத்தில் வாங்குங்கள். போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடுவதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

தேதியைக் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குள் வையுங்கள். டிசம்பரில் அரையாண்டு வந்துவிடும், ஜனவரிக்கு மேல் பத்தும் பன்னிரண்டும் தலை தூக்காது.

ரெண்டு பிள்ளை அம்மா

பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்று முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். தேடிப் போய்க் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஒரு டீச்சராவது நாள் முழுக்க இருக்க வேண்டும். மகளை அனுப்புகிறேன்.

பவானிக்கரை

நடந்து முடிந்துவிட்டது! இரண்டு வாரமாக எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போய்விட்டது. மன்னிக்கவும்.

பரிசு வைக்கவில்லை. 53 பேர் வந்தார்கள், அதில் 24 பேர் பெண்கள். எங்கள் பள்ளியில் ஒரு மிஸ் காலையிலிருந்து கடைசி ஆட்டோ கிளம்பும் வரை கூடவே இருந்தார்கள், மைக்கைத் தொடவே இல்லை. சாப்பாடு சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நாலு மணிக்குச் சுண்டல், டீ. கணக்கைச் சார்ட்டில் எழுதி வாசலில் ஒட்டினோம். மீதி 640 ரூபாய் பள்ளி லேபுக்கு மவுஸ் வாங்கக் கொடுத்தாகிவிட்டது.

தவறும் நடந்தது. காலையில் அறிமுகம் என்று நானே முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். பின் வரிசையில் ஒன்பதாவது பையன்கள் தூங்கிவிட்டார்கள். அடுத்த முறை பத்து நிமிடம்தான். மென்டார்கள் நாலு பேர் போதவில்லை. ஒரு டீம் ஒன்றரை மணி நேரம் ஒரே எரரோடு உட்கார்ந்திருந்தது, கையைத் தூக்கக் கூச்சம். போய்ப் பார்த்தால் வரித் தொடக்க இடைவெளிக்கு ஒரு வரியில் டேப் கீ, அடுத்த வரியில் ஸ்பேஸ் கீ, பைத்தான் அதை ஏற்கவில்லை. அதற்கு அப்புறம் நாங்களே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மேசைக்கும் போய், 'என்ன செய்கிறீர்கள், காட்டுங்கள்' என்று கேட்க ஆரம்பித்தோம். அப்படிக் கேட்டால் தயங்காமல் சொல்கிறார்கள்.

மதியம் இரண்டே முக்காலுக்குக் கரன்ட் போனது. லேப் மெஷின்களை யுபிஎஸ் தாங்கியது, வைஃபை மட்டும் போய்விட்டது. வயரிங் அண்ணா சொன்ன பென்டிரைவ் இருந்ததால் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

மொத்தம் 19 டீம், 16 டீம் ஓடுகிற ஒன்றைக் காட்டியது. மஞ்சள் மண்டி விலையைக் குவின்டாலிலிருந்து மூட்டைக்கு மாற்றிக் காட்டுவது, ஊர் பஸ் நேரம், ஒன்பதாவது பெண்கள் இருவர் செய்த கபடி ஸ்கோர் போர்டு.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தாவது படிக்கிற ஒரு பையன், அப்பாவுக்கு வீட்டோடு நாலு தறி. எந்தப் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) எத்தனை மீட்டர் ஓடியது, கூலி எவ்வளவு என்று அவர் ஒரு நோட்டில் எழுதுவாராம். அதைப் பைத்தானில் செய்தான். கறுப்புத் திரை, வெறும் எழுத்துதான். ஐந்து மணிக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தோம். அவன் அப்பா வேட்டியில் பஞ்சு ஒட்டியபடி நேராகத் தறியிலிருந்து வந்திருந்தார். பையன் ஒவ்வொன்றாக டைப் செய்து காட்டினான். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "ரெண்டாம் பாவு நேத்தும் ஓடுச்சு, இன்னைக்கும் ஓடுச்சு. ரெண்டையும் சேத்துக் காட்டலையேடா" என்றார். இவன் திரையைப் பார்த்தான். ஆமாம், இன்றைய கணக்கு நேற்றையதை அழித்துவிட்டிருந்தது. நாங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம், இவன் அந்த ஒரு மேசையை மட்டும் விடவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர் கணக்கைச் சொல்லச் சொல்ல, 6:40-க்குச் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்தான்.

அம்பத்தூர் ராத்திரி

தம்பி, ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. அடுத்த முறை மென்டாராக நான் வருகிறேன், பஸ் செலவு என்னுடையது.

ரெண்டு பிள்ளை அம்மா

கபடி ஸ்கோர் போர்டில் ஒருத்தி என் மகளின் தோழி. என் மகள் பஸ் நேர டீம். வீட்டுக்கு வந்தும் அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

தாமிரபரணி வாத்தியார்

எங்கள் ஊரிலும் நடத்த என் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் செய்து கொடுக்கப் போவதில்லை, அவர்களே செய்யட்டும். பென்டிரைவில் என்னென்ன போட்டீர்கள் என்ற பட்டியலும், பெற்றோர் சம்மதப் படிவமும் இங்கே போட முடியுமா தம்பி?

பவானிக்கரை

இன்று இரவே போடுகிறேன் சார். படிவத்தில் 'எந்தெந்த உணவு ஒவ்வாது' என்ற வரி விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்த்துவிட்டுப் போடுகிறேன். உங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருவரை எங்கள் குரூப்பில் சேர்த்துவிடுங்கள், நாங்கள் ஆறு பேரும் அவர்களோடு பேசிக்கொள்கிறோம்.